தரைவீடு இடித்துக் கட்டுகிறோம்: மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்புக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

கார்டன்ஸ்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் அப்பா விட்டுச்சென்ற வரிசை வீடு, ஐம்பதுகளில் கட்டியது, ஒரே தளம். கூரை ஒழுகி ஒழுகி அலுத்துப்போய், இடித்துவிட்டு இரண்டு தளமும் மேலே ஓர் அட்டிக்கும் (கூரைக்கடி அறை) கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆர்க்கிடெக்ட் படம் போட்டு நகரச் சீரமைப்பு ஆணையத்துக்கு அனுப்பியாகிவிட்டது, இப்போது வீடு கட்டித் தரும் மூன்று குத்தகையாளர்களிடம் விலை வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன்.

குழப்பம் எங்கே என்றால் இணைப்புச் செலவில். முதல் ஆள் "யூட்டிலிட்டி இணைப்பு, ஒதுக்கீடு 12,000 வெள்ளி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டாமவர் "இணைப்புக் கட்டணங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு" என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார், தொகையே இல்லை. மூன்றாமவரைக் கேட்டால் "எல்லாம் சேர்த்துத்தான் அக்கா, கவலைப்படாதீங்க" என்கிறார், ஆனால் காகிதத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. மொத்த விலையில் அவர்தான் குறைவு.

இதில் யாரை நம்பி எவ்வளவு காசைத் தனியாக வைப்பது? என் வீட்டுக்காரர் பழையபடி சிங்கிள் ஃபேஸ் (ஒருமுனை மின்சாரம்) போதும் என்கிறார், மச்சான் த்ரீ ஃபேஸ் (மும்முனை) போடாவிட்டால் பிறகு வருத்தப்படுவாய் என்கிறார். அம்மாவுக்குக் குழாய் எரிவாயு வேண்டும், இத்தனை வருடம் சிலிண்டர் தூக்கியது போதுமாம். கட்டி முடித்தவர்கள் யாராவது எங்கெங்கே காசு போனது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நளா எழுதியது:

அக்கா, நாங்கள் சிக்லாப் பக்கம் இதே மாதிரி இடித்துக் கட்டினோம், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். முதலில் அந்த மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயத்துக்கான விலை. 12,000 என்று எழுதியவர் போட்டிருப்பது "புரொவிஷனல் சம்". அது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் உண்மையான ரசீதுகளை வைத்துக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். குறைத்தால் உங்களுக்கு லாபம், ஆனால் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான், யாரும் தானாகக் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். அந்தத் தொகைக்கு மேல் தன் பங்காக எத்தனை சதவீதம் போடுவார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், சிலர் அதைக் கடைசி பில்லில்தான் காட்டுவார்கள்.

பெரும்பாலோர் நினைப்பது மின்சாரத்துக்கு எஸ்பி நிறுவனத்துக்கும், தண்ணீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் கட்டும் கட்டணம்தான் பெரிய செலவு என்று. என் கணக்கில் அது சின்னது. கேட்டுக்கு வெளியே அவர்கள் செய்வதற்கு ஒரு கட்டணப் பட்டியல் இருக்கிறது, யார் போய்க் கேட்டாலும் அதேதான், பேரம் கிடையாது. காசு கரைவது கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில். கேட் தூணில் மீட்டர் பெட்டி கட்டுவது, அங்கிருந்து வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டிவரை நிலத்தடியில் கேபிள், அதே மாதிரி தண்ணீர்க் குழாய், இணைய ஃபைபருக்கு ஒரு காலிக் குழாய், எரிவாயு எடுத்தால் அதற்கும் ஒன்று, இதற்கெல்லாம் பள்ளம், பள்ளத்தை மூடுவது, மேலே டைல்ஸ். இது எதுவும் எந்தக் கழகத்தின் கட்டணப் பட்டியலிலும் இருக்காது. "இணைப்பு எல்லாம் சேர்த்து" என்று வாயால் சொல்பவரிடம் இந்தப் பள்ளம் யாருடையது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் எல்லாரும் மறக்கும் இரண்டு. ஒன்று, இடிப்பதற்கு முன்னால் பழைய இணைப்புகளை முறைப்படி கழற்றுவது: மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், ஃபைபர் முனை, எரிவாயு இருந்தால் அதுவும். இது இடிக்கிறவர் வேலையா கட்டுகிறவர் வேலையா என்று எங்கள் குத்தகையாளரும் அவருடைய துணைக் குத்தகையாளரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே இருந்தார்கள், வேலை தொடங்குவதே தள்ளிப்போனது. இரண்டு, கட்டும் காலத்துக்கான தற்காலிக மின்சாரமும் தண்ணீரும். இணைப்புக்கு ஒரு செலவு, மாதா மாதம் வரும் பில்லுக்கு ஒரு செலவு. டிஓபி (குடியேறத் தற்காலிக அனுமதி) கிடைக்கும்வரை பில் குத்தகையாளர் கணக்கில் என்று எழுத்தில் வாங்குங்கள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் குழாயைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள், அந்த பில் உங்கள் பெயரில் வந்தால் தாங்காது.

12,000 போதுமா என்றால், உங்கள் வீட்டுப் படத்தைப் பார்க்காமல் போதும் என்றோ போதாது என்றோ சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

தெம்பனிஸ்ராஜா எழுதியது:

இதைப் படித்தபின் என் நாலறை அடுக்குமாடி வீட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. சாவி வாங்கினோம், எஸ்பி கணக்குத் திறந்தோம், சுவிட்சைப் போட்டோம். தரைவீட்டுக்காரர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம், வீட்டு விலை ஏறும்போது மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஒயர்மேன் எழுதியது:

நான் எரிசக்திச் சந்தை ஆணைய உரிமம் வைத்திருக்கும் மின்பணியாளர், இந்த வேலைதான் தினமும். மின்சாரப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

சகோதரி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதை வீட்டுக்காரரும் மச்சானும் வாக்குவாதம் செய்து முடிவெடுக்க வேண்டியதில்லை, கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட். 100 ஆம்ப் எடுத்தால் 23 கேவிஏ, அதாவது ஒரே நேரத்தில் ஏறக்குறைய 23 கிலோவாட் இழுக்கலாம். த்ரீ ஃபேஸ் 400 வோல்ட், 63 ஆம்ப் எடுத்தால் கிட்டத்தட்ட 43 கேவிஏ வரும். உங்கள் பழைய வீட்டில் மெயின் 40 ஆம்ப்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதாவது 9 கேவிஏ சொச்சம், ஒரு ஏசியும் ஒரு ஹீட்டரும் இருந்த காலத்துக்கு அது சரி.

இப்போது புது வீட்டைப் பாருங்கள். உடனடி ஹீட்டர் ஒன்று 3.3 கிலோவாட் என்று வைத்தால் நாலு குளியலறைக்கு 13.2. இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாப் பக்கமும் எரிந்தால் 7. ஓவன் 3. ஏசி மொத்தமாக 6 என்று வைப்போம். மின்கார் சார்ஜர் சிங்கிள் ஃபேஸில் 32 ஆம்ப், 7.4 கிலோவாட். கூட்டினால் 36 தாண்டுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது, உண்மைதான், அதனால்தான் நாங்கள் ஒரு விகிதம் போட்டுக் குறைத்துக் கணக்கிடுவோம். இருந்தாலும் மாலை ஏழு மணிக்கு எல்லாரும் வீடு திரும்பி, காரைச் செருகி, குளித்து, சமைக்கும் நேரத்தைத்தான் நான் பார்ப்பேன். 23 கேவிஏ அந்த நேரத்தில் போதாது.

சார்ஜருக்கு 22 கிலோவாட் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. உங்கள் காரின் உள்ளே இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்று முதலில் பாருங்கள். டெஸ்லா மாடல் 3 கூட வீட்டு மின்சாரத்தில் 11க்கு மேல் வாங்காது. 22க்கு கேபிள் போட்டால் காசுதான் தடிமனாகப் போகும். வீட்டில் வைக்கும் சார்ஜரும் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும், ஆணையத்திடம் பதிவும் செய்ய வேண்டும், 2023 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இணையத்தில் மலிவாக ஒன்றை வாங்கிவந்து மாட்டித் தாருங்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

செலவைப் பற்றி: விண்ணப்பம் எஸ்பி பவர்கிரிட்டுக்கு நாங்கள்தான் போடுவோம், வீட்டுக்காரர் நேராகப் போட முடியாது. எங்கள் கூலி, எஸ்பி கட்டணம், மீட்டர் தூணில் இருந்து டிபி பெட்டிவரை கேபிள், இந்த மூன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும். கேபிள் நீளம்தான் விலையை ஏற்றும். டிபி பெட்டியைப் பின்பக்க சமையலறையில் வைக்கிற ஆர்க்கிடெக்ட்களை எனக்குப் பிடிக்காது, முன்பக்கம் மாடிப்படிக்கு அடியில் வைத்தால் தடித்த கேபிளில் பாதி மிச்சம். சாலையோரம் இருக்கும் எஸ்பியின் பச்சைப் பெட்டி உங்கள் பக்கமா எதிர்ப்பக்கமா என்றும் பாருங்கள். சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டி வந்தால் நிலப் போக்குவரத்து ஆணைய அனுமதி, காத்திருப்பு எல்லாம் சேரும்.

பள்ளம் தோண்டுவதற்கும் பைலிங் (அஸ்திவாரத் தூண்கள்) போடுவதற்கும் முன்னால் உரிமம் பெற்ற கேபிள் கண்டறிவாளர் வந்து நிலத்தடியில் எது எங்கே ஓடுகிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். விலைப் பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்தக் குத்தகையாளர் அதைச் செய்யப் போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நளா எழுதியது:

ஒயர்மேன் அண்ணா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நாங்கள் சிங்கிள் ஃபேஸ் 100 ஆம்ப்தான், ஐந்து பேர் இருக்கிறோம், மின்காரும் உண்டு. வீட்டில் மற்றது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்கள் வந்துவிட்டன, அதுதான் போட்டிருக்கிறோம். கார் இரவு முழுவதும் சும்மாதானே நிற்கிறது, ஏழு மணிக்கே நிரம்பி என்ன ஆகப்போகிறது? ஹீட்டரையும் தொட்டி வகையாக எடுத்தால் சுமை இன்னும் குறையும். பட்ஜெட் இறுக்கமாக இருக்கிறவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு த்ரீ ஃபேஸுக்குத் தள்ள வேண்டாம்.

ஒயர்மேன் எழுதியது:

தள்ளவில்லை அம்மா. உங்கள் வீட்டில் அது ஓடுகிறது, நல்லது. என் பயம் வேறு. இப்போது சிங்கிள் ஃபேஸ் எடுத்துவிட்டு, நாலு வருடம் கழித்து இரண்டாவது மின்காரோ லிஃப்டோ வந்தால் மறுபடி விண்ணப்பம், தூணை உடைத்துப் புது மீட்டர் பெட்டி, கார் நிறுத்தும் இடத்து டைல்ஸைப் பெயர்த்துப் புதுக் கேபிள். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்களெல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, வீடு அதற்குப் பிறகும் முப்பது வருடம் நிற்கும். நடுவழி ஒன்று உண்டு: இப்போது சிங்கிள் ஃபேஸே எடுங்கள், ஆனால் தூணில் இருந்து டிபிவரை பெரிய குழாயாகப் புதைத்துவிடுங்கள், டிபி பெட்டியிலும் இடம் விட்டு வையுங்கள். குழாய் மலிவு. பிறகு கேபிளை மட்டும் இழுத்து மாற்றிவிடலாம், டைல்ஸைத் தொட வேண்டாம்.

கார்டன்ஸ்வாசி எழுதியது:

நளா, ஒயர்மேன் அண்ணா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பெரிய குழாய் யோசனை எங்கள் வீட்டில் சமாதான உடன்படிக்கை மாதிரி, இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டார்கள். ஹீட்டர் தொட்டி வகைதான் எடுக்கப் போகிறோம், அதையும் கணக்கில் சேர்த்து மறுபடி கூட்டச் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பக்கம் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, பின்முற்றத்தில் ஒரு இரும்பு மூடி இருக்கிறது, சின்ன வயதில் அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடுவோம். படத்தில் சமையலறை நீட்டிப்பு சரியாக அதன் பக்கத்தில் வருகிறது. அது ஏதாவது பிரச்சினையா?

பழையகுழாய் எழுதியது:

அம்மா, அந்த மூடிதான் முதல் கேள்வி, 12,000 எல்லாம் அப்புறம்.

நான் நாற்பது வருடம் இந்தக் குழாய் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சிராங்கூன் கார்டன்ஸ், செம்பவாங் ஹில்ஸ், இந்த மாதிரிப் பழைய வரிசை வீட்டுப் பேட்டைகளில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பல இடங்களில் வீடுகளின் பின்முற்றம் வழியாகவே ஓடும், ஒரு கோடியில் இருந்து மறு கோடிவரை. உங்கள் மூடி உங்கள் வீட்டுக் கழிவுக்கான சோதனைத் தொட்டியா, இல்லை பொதுக் குழாயின் மேன்ஹோலா என்று முதலில் தெரிய வேண்டும். பொதுக் குழாய் என்றால் அதன்மேல் உங்கள் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது குழாயின் அளவையும் ஆழத்தையும் பொறுத்தது. அந்தக் குழாய்கள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் காசு கட்டி வாங்கலாம். உங்கள் ஆர்க்கிடெக்ட் அதை ஏற்கெனவே வாங்கியிருக்க வேண்டும், வாங்கினாரா என்று இன்றைக்கே கேளுங்கள். வடிகாலுக்கும் தனியாக ஒரு வரைபடம் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

குழாய் அங்கேதான் இருக்கிறது என்றால் மூன்று செலவு வரும். வேலைக்கு முன்னும் பின்னும் குழாய்க்குள் கேமரா விட்டுப் படம் எடுத்துக் கழகத்திடம் கொடுக்க வேண்டும். முன்னால் எடுக்கும் படத்தைச் சிக்கனம் பார்த்துத் தவிர்க்காதீர்கள். ஏற்கெனவே இருந்த விரிசல் உங்கள் தலையில் விழாமல் காப்பாற்றுவது அதுதான். இரண்டாவது, பக்கத்தில் பைல் போடுவதற்கு இன்ஜினியர் தனியாகக் கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, நீட்டிப்பு கட்டாயம் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்துக் குழாயை நகர்த்துவது. அதற்குப் போனால் மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றும் சேர்ந்தாலும் ஈடாகாது. சமையலறையைக் கொஞ்சம் சின்னதாகப் போடுவது மலிவு. என்னிடம் கேட்டால் படத்தைத்தான் மாற்றுங்கள் என்பேன்.

தண்ணீருக்கு வருவோம். விண்ணப்பம் உரிமம் பெற்ற பிளம்பர் போடுவார். கட்டணம் மீட்டரின் அளவைப் பொறுத்து மாறும், அந்த அளவு எத்தனை குழாய், எத்தனை குளியலறை என்பதில் இருந்து வரும். விளம்பரத்தில் பார்த்த மழைத் தூவலை நாலு குளியலறைக்கும் போட்டால் மீட்டரும் பெரிதாகும், குழாயும் தடிக்கும். மீட்டருக்குப் பிறகு உள்ளே ஓடும் குழாய் முழுக்க உங்கள் பொறுப்பு, ஒழுகினால் பில் உங்களுடையது. தண்ணீர் இப்போது கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு, 2025 ஏப்ரலில் இருந்து, மாதம் 40 கன மீட்டர்வரை. 20 கன மீட்டர் பிடித்தால் 64 வெள்ளி 80 காசு, அதற்குமேல் பொருள், சேவை வரி.

அட்டிக் குளியலறையில் தண்ணீர் மெலிந்து வரும் என்று யாராவது பம்ப் விற்க வருவார்கள். மெயின் குழாயில் நேராகப் பம்ப் மாட்டி உறிஞ்சக் கூடாது, அது விதி. தொட்டி வைத்து, தொட்டியில் இருந்துதான் பம்ப். அப்படியென்றால் தொட்டிக்கு இடம், தாங்கும் தளம், தனி மின் இணைப்பு, வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது எல்லாம் கூடவே வரும். அதனால் முதலில் உங்கள் வீட்டு வாசலில் அழுத்தம் எவ்வளவு என்று பிளம்பரை அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் விற்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தரை மட்டத்தையும் கேளுங்கள். புதுவீடு கட்டினால் வெள்ளம் புகாத உயரத்துக்குத் தளத்தை ஏற்றச் சொல்வார்கள். தளம் ஏறினால் உள்ளே போகும் குழாய்களின் சரிவும், கார் ஏறும் பாதையும், வாசல் கால்வாய்மேல் போடும் பாலமும் எல்லாம் மாறும். வெள்ளத்தொட்டி போட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், மழைநீரைப் பிடித்து வைக்கும் அந்த விதி 0.2 ஹெக்டேர், அதாவது 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. வரிசை வீடு அதன் பக்கத்தில்கூட வராது.

நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் இந்த ஊரில் வாளிக் கழிப்பறையே இருந்தது, 1987இல்தான் கடைசியாக நிறுத்தினார்கள். இப்போது தொட்டால் தண்ணீர் கொட்டும் கழிப்பறைக்குத் தனி மின்பாயிண்ட் கேட்கிறார்கள். அதையும் ஒயர்மேனிடம் சொல்லிவிடுங்கள், டைல்ஸ் ஒட்டியபிறகு கேட்டால் அடிப்பார்.

கார்டன்ஸ்வாசி எழுதியது:

ஐயா, உங்கள் பதிலைப் படித்ததுமே ஆர்க்கிடெக்டுக்குத் தொலைபேசி செய்தேன். வரைபடம் வாங்கியிருக்கிறாராம், பொதுக் குழாய் எங்கள் பின்முற்றத்தின் கோடியில் ஓடுகிறதாம், நீட்டிப்பு அதற்கு உட்பட்டுத்தான் போட்டதாகச் சொல்கிறார். ஆனால் கேமராப் படத்துக்கு மூன்று குத்தகையாளர்களில் ஒருவர்கூடக் காசு போடவில்லை!

பழையகுழாய் எழுதியது:

போட மாட்டார்கள் அம்மா. கேட்டால் அது கூடுதல் வேலை என்பார்கள். கையெழுத்து போடுவதற்கு முன்னால் கேட்டால் விலைக்குள் வரும்.

மேரிமவுன்ட்_மருமகள் எழுதியது:

எரிவாயுவைப் பற்றி யாரும் பேசவில்லையே, அம்மா பக்கம் நான் நிற்கிறேன்.

குழாய் எரிவாயு எல்லாத் தரைவீட்டுத் தெருவிலும் கிடையாது. உங்கள் தெருவில் மெயின் ஓடுகிறதா என்று எரிவாயு நிறுவனமான சிட்டி எனர்ஜியிடம் முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது என்றால் இணைப்பு பெரிய விஷயமில்லை, உள்ளே குழாய் போடும் செலவுதான். தெருமுனையோடு நின்றுவிட்டது என்றால் அங்கிருந்து இழுத்து வருவது உங்கள் ஒரு வீட்டுக்காக என்று ஆகும்போது கணக்கு வேறு. அந்த மாதிரி நிலைமையில் அம்மாவுக்கு இரண்டு பக்க இண்டக்‌ஷனும் ஒரு சிலிண்டர் அடுப்பும் போட்டுக்கொடுத்துவிடுங்கள், தோசை பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டில் இரண்டு சிலிண்டர், மொத்தம் 30 கிலோவரை வைத்துக்கொள்ளலாம், நாம் வழக்கமாக வாங்குவது 12.7 கிலோ, ஆக இரண்டு தாராளம்.

முக்கியமாக, அடுப்பை விற்பனையில் மலிவாகக் கிடைக்கிறதென்று இப்போதே வாங்கி வைக்காதீர்கள். நகர எரிவாயுவும் சிலிண்டர் வாயுவும் ஒன்றல்ல. செனோக்கோ ஆலையில் தயாராகி வரும் நகர எரிவாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன், அதற்கான பர்னர் வேறு. எந்த வாயு என்று முடிவான பிறகு அடுப்பு. குழாய் வேலையை உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் செய்ய வேண்டும், பிளம்பர் "நானே பார்த்துக்கிறேன்" என்றால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டரையும் எரிவாயுவில் போட்டால் ஒயர்மேன் போட்ட 13 கிலோவாட் அப்படியே காணாமல் போகும், அதையும் சேர்த்து யோசியுங்கள். அப்போது சிங்கிள் ஃபேஸ் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம்.

ஒயர்மேன் எழுதியது:

மேலே சொன்னது சரி. எரிவாயு ஹீட்டர் என்றால் என் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஃபைபரைப் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் இது மலிவான விஷயம், ஆனால் விட்டுவிட்டால் சுவரில் வெளியே குழாய் ஓடும். நெட்லிங்க் நிறுவனத்தின் ஃபைபர் கேபிள் வர கேட்டில் இருந்து வீட்டுக்குள் ஒரு காலிக் குழாய், உள்ளே இழுகயிறு போட்டு, இரண்டு முனையும் மூடி வைத்து. வளைவு குறைவாக இருக்கட்டும். பழைய கேபிள் டிவி பாயிண்டுகளுக்கெல்லாம் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ஸ்டார்ஹப் நிறுவனம் அந்தக் கம்பியை 2019இலேயே நிறுத்திவிட்டது. ஃபைபர் முனையை பாம் ஷெல்ட்டருக்குள் (வீட்டில் கட்டும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், தடித்த கான்கிரீட் சுவருக்குள் இருந்து வைஃபை வெளியே வரவே வராது, பிறகு ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெட்டி வாங்குவீர்கள். அந்தச் சுவருக்குள் மற்ற வயர்களையோ குழாய்களையோ புதைக்கவும் விடமாட்டார்கள், ஷெல்ட்டர் நடுவீட்டில் வந்தால் எல்லாக் குழாயும் சுற்றிப்போகும், நீளம் கூடும், காசும் கூடும். படத்தில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நளா எழுதியது:

அக்கா, குத்தகையாளர்களுக்கு ஒரே மாதிரி ஒரு தாள் அனுப்பி நிரப்பச் சொல்லுங்கள். பழைய இணைப்புகளைக் கழற்றுவது, தற்காலிக மின்சாரம் தண்ணீர், கேபிள் கண்டறிவு, கழிவுநீர்க் குழாய்க்கு முன்பின் கேமரா, மீட்டர் தூண், தூணில் இருந்து உள்ளே ஒவ்வொரு குழாய்க்கும் பள்ளம், மின்பணியாளர் கூலி, பிளம்பர் கூலி, எரிவாயு ஆள் கூலி, கடைசியில் கழகங்களுக்குக் கட்டும் கட்டணம் ரசீதின்படி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை அல்லது "இல்லை". 9 சதவீதப் பொருள், சேவை வரி சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள், அந்த 9 சதவீதத்தில் பல பேர் விளையாடுகிறார்கள். "எல்லாம் சேர்த்து" என்றவர் நிரப்பாமல் இழுத்தடித்தால் உங்கள் பட்டியலில் இருந்து ஒரு பெயர் குறையும்.

கார்டன்ஸ்வாசி எழுதியது:

தாள் அனுப்பிவிட்டேன். 12,000 வெள்ளிக்காரர் அன்றே நிரப்பி அனுப்பினார், பள்ளமும் கேமராவும் சேர்ந்ததும் தொகை ஏறத்தான் செய்தது, ஆனால் எங்கே ஏறியது என்று தெரிகிறது. இரண்டாமவரும் இப்போது தொகை போட்டுவிட்டார். குறைந்த விலைக்காரர் இன்னும் "பார்க்கிறேன் அக்கா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். தெருவில் எரிவாயு மெயின் எங்கள் வரிசைவரை வருகிறதாம், அம்மா ஜெயித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. நாங்கள் அடுத்த மாதம் வாடகை வீட்டுக்கு மாறுகிறோம். பழைய வீட்டு எஸ்பி கணக்கை அன்றைக்கே மூடிவிடலாமா? காலி வீட்டுக்கு எதற்கு பில் கட்டுவது?

ஒயர்மேன் எழுதியது:

உடனே மூடாதீர்கள். குத்தகையாளரை முடிவு செய்து, தற்காலிக மின்சாரத்துக்குப் பழைய இணைப்பையே பயன்படுத்த முடியுமா, புதிதாக வேண்டுமா என்று அவருடைய மின்பணியாளர் சொல்லட்டும். இணைப்பைக் கழற்றச் சொல்லி எஸ்பி பவர்கிரிட்டுக்கு விண்ணப்பம் அவர் போடுவார், அந்தத் தேதியை ஒட்டிக் கணக்கை மூடுங்கள். கணக்கை மூடியதும் கேபிளில் மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி இடிக்கிறவர்களை உள்ளே விடக் கூடாது. மீட்டரைக் கழற்றி, கேபிளைத் துண்டித்து, துண்டித்தாயிற்று என்ற உறுதி கையில் வந்தபிறகுதான் இடிக்கும் இயந்திரம் கேட்டைத் தாண்டலாம்.

பழையகுழாய் எழுதியது:

தண்ணீருக்கும் அதே. மீட்டரைக் கழற்றும் முன் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள் அம்மா.